ஒரே நாற்பது

சூவெத் காற்று அடங்கிய மூன்றாம் நாள்,
பறந்த கூரைத் தகடுகளில் எது யாருடையது என்று
ஷேட்டிகாம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது
என் வீட்டுப் பின்புறத்து ஆல்டர் மரம்
இலையில்லாமலே காய்த்திருந்தது.

காய்கள் அசைந்தன.
கையுறைக்குள் இரண்டு அடங்கும், அவ்வளவுதான் உருவம்.
பழுப்பு. பழுப்பின்மேல் கோடுகள்,
மழையில் நனைந்த கணக்கு நோட்டில் மை ஊறியதுபோல.

ஊர்க்குருவி என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஊர்க்குருவி தலைகீழாகத் தொங்கி நான் பார்த்ததில்லை.

நண்டுத் தொழிற்சாலை ஏப்ரல் கடைசியில்தான் திறக்கும்.
ஓடு உடைத்து உடைத்துத் தடித்த விரல்கள்
சனவரியில் வேலையில்லாமல்
பறவைப் புத்தகத்தை அதட்டி அதட்டிப் புரட்டின.
அலகைப் பார், என்றது புத்தகம்.
நான் பார்ப்பதற்குள்
அங்கே வேறொன்றின் அலகு இருந்தது.
நெற்றியைப் பார்.
சிவப்பு. உதட்டுச் சாயத்தை
ஒரே ஒருமுறை ஒற்றி எடுத்த சிவப்பு.
மோவாயில் கறுப்பு.
அப்படியானால் சிஸ்ரென்.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், கெட்டிலிடம்.

நெற்றி சிவக்காத ஒன்றும் இருந்தது.
ஊசிமாதிரி அலகு. பேயெள்ளுக் குழாயில்
யாரையும் உட்காரவிடாது.
மூன்று நாள் அதன் பெயர் ‘அது’.
நான்காம் நாள் யாரிடமோ கோபித்துச் சிறகை விரித்தது:
உள்ளே ஒரு மஞ்சள்,
மலிவான கோட்டுக்கு யாரோ
பட்டில் உள்துணி வைத்துத் தைத்ததுபோல.
தாரென்!
மூடியதும்
மறுபடி வெறும் பழுப்பு.

மொத்தம் நாற்பது.
நாட்காட்டியில் எழுதினேன்,
பல் டாக்டர் தேதிக்குக் கீழே.

அன்று மாலை ஒவீட் போன் செய்தான்.
நவம்பரிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
சாலைப் பனியைத் தள்ளுகிறேன் என்று
என் தபால் பெட்டியையும் சேர்த்துத் தள்ளிய ஆள்.
“என் வீட்டில் நாற்பது” என்றான், நலம்கூட விசாரிக்காமல்.
“இங்கேயும் நாற்பது.”
“அப்படியென்றால் எண்பது”,
எண்பதும் அவன் வளர்த்தவைபோல.

பேசிக்கொண்டிருக்கையில் என் மரம் காலி.
மேசை விரிப்பை உதறியதுபோல ஒரே வீச்சு.
“இதோ வந்துவிட்டன” என்றான் ஒவீட்
குரலைத் தாழ்த்தி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவன் மௌனமானான்.
என் மரம் நிறைந்தது.
இப்படி இரண்டு தடவை.
“நாற்பது” என்றான்.
“நாற்பதுதான்” என்றேன்.

போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.
“வெளுப்பாக ஒன்று இருக்கிறதே, கவனித்தாயா?
மாவு டப்பாவில் விழுந்து எழுந்ததுமாதிரி.”
கவனிக்காமலா?
என் புத்தகத்தில் அதற்குத் தனிப் பெயர், தனிப் பக்கம்.
வாலடியில் கோடு உண்டா இல்லையா என்று
இரண்டு மணி நேரம் ஜன்னலில் நின்று கால் மரத்துப்போயிருந்தேன்.
“இப்போது எல்லாம் ஒரே இனமாம்.
கூட்டம் போட்டுச் சேர்த்துவிட்டார்கள்.”
“எப்போது?”
“உன் புத்தகத்துக்கு அப்புறம்.”

அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.
நிமிர்த்தவில்லை.
பறவைக்குத் தகவல் போயிருக்காது.

இரவு மைனஸ் இருபத்திரண்டு.
சிஸ்ரென்கள் பனிக்குள் குடைந்து தூங்கும் என்று
புத்தகம் சொல்லியிருந்தது, நான் நம்பவில்லை.
டார்ச்சோடு போனேன். வாசலோரப் பனிமேட்டில்
கட்டைவிரல் அளவில் துளைகள்,
ஐந்தோ ஆறோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு
வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினேன்.

பதினொரு மணிக்கு நானே அவனுக்குப் போன் செய்தேன்.
“விடியற்காலை என் வாசலோரம்
கலப்பையை இறக்காதே.”
“ஏன்?”
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
“ஆர்த்தெமீஸ், அந்த மேட்டுக்குள்தான்
உன் தபால் பெட்டி கிடக்கிறது.”
“தெரியும்” என்றேன்.
“உருகட்டும்.”